நெடுந்தொடர்களில் நடிகர் மாற்றம்

நடிகர் மாற்றம் என்பது, ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே அதில் நடிக்கும் ஒருவர் விலகுவதையும், அதன் விளைவாக அவர் ஏற்ற பாத்திரத்திலும் கதையிலும் நிகழும் மாற்றங்களையும் குறிக்கும். ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர்கள் பலவும் இதை ஒருமுறையாவது எதிர்கொள்கின்றன. தமிழ்க் குடும்பத் தொடர்களில் பெரும்பாலும் பாத்திரம் அப்படியே இருக்க, முகம் மட்டும் மாறுகிறது. "இனி இவருக்குப் பதில் இவர்" என்ற ஒரு வரி அறிவிப்புடன் புதிய நடிகர் அறிமுகமாகிறார். மேலைநாட்டு அறிவியல் புனைவுத் தொடர்கள் சில, நடிகரின் விலகலையே கதையின் ஒரு நிகழ்ச்சியாக மாற்றிக்கொண்டன. இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு, ஒரு பாத்திரம் என்பது எழுதப்பட்ட கதையா, நடிப்பவரின் முகமா என்ற கேள்வியை எழுப்புகிறது.

பின்னணி

தூர்தர்ஷன் காலத்தில் தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 13 வாரங்கள் என்ற அளவில் ஒளிபரப்பாயின. படப்பிடிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதால் நடிகர் இடையில் விலகும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்த பின்னர், வார நாள்களில் தினமும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் உருவாயின. ராதிகா நடித்த "சித்தி" (1999–2001) இவ்வகைத் தொடர்களைத் தமிழ் வீடுகளில் நிலைபெறச் செய்தவற்றுள் ஒன்று. தேவயானி நடித்த "கோலங்கள்" 2003 முதல் 2009 வரை 1500 பகுதிகளுக்கு மேல் ஒளிபரப்பானது.

ஆறு ஆண்டுகள் ஓடும் ஒரு தொடருக்குள் நடிகர்களின் வாழ்க்கையும் நகர்கிறது. திருமணம், குழந்தைப்பேறு, நோய், திரைப்பட வாய்ப்பு, இறப்பு என எதுவும் நேரலாம். தினசரித் தொடரின் பகுதிகள் ஒளிபரப்புக்குச் சிறிது காலம் முன்னரே படமாக்கப்படுகின்றன. கையிருப்பில் உள்ள பகுதிகள் தீர்வதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. பிலிம் சிட்டி போன்ற வளாகங்களிலும், வாடகைக்கு எடுத்த வீடுகளிலும் அன்றாடம் நடக்கும் படப்பிடிப்பு, ஒருவருக்காக நீண்ட நாள் காத்திருக்க முடிவதில்லை.

விலகலுக்கான காரணங்கள்

நடிகர்கள் தொடரை விட்டு விலகும் காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- உடல்நிலை, மகப்பேறு, குடும்பச் சூழல்.
- திரைப்படம், வேறு தொடர், ரியாலிட்டி நிகழ்ச்சி ஆகியவற்றில் கிடைக்கும் வாய்ப்புகள்.
- ஊதியம், கால்ஷீட், பாத்திரத்தின் முக்கியத்துவம் குறைதல் ஆகியவை தொடர்பான கருத்து வேறுபாடுகள்.
- பயணத் தடை போன்ற புறச் சூழல்கள்.
- இறப்பு.

2020ஆம் ஆண்டின் கொரோனா பொதுமுடக்கம் இவற்றுள் புறச் சூழலுக்குப் பெரிய எடுத்துக்காட்டு. மார்ச் மாதத்தில் நின்றுபோன படப்பிடிப்புகள் பல வாரங்களுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கின. கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து சென்னைக்கு வந்து நடித்தவர்களுக்குப் பயணம் கடினமாக இருந்தது. அக்காலத்தில் பல தொடர்களில் ஒரே நேரத்தில் முகங்கள் மாறின. "சித்தி 2" தொடரில் பொன்வண்ணன் ஏற்றிருந்த பாத்திரம், பொதுமுடக்கத்துக்குப் பின் நிழல்கள் ரவிக்குச் சென்றது.

கதையைத் தொடரும் வழிகள்

ஒரு நடிகர் விலகும்போது தயாரிப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அதே பாத்திரத்துக்கு வேறொருவரைத் தேர்வு செய்வது. கதையில் எந்த மாற்றமும் தேவைப்படாது என்பதால் தமிழ்த் தொடர்களில் இதுவே அதிகம் கையாளப்படுகிறது.

இரண்டாவது, பாத்திரத்தையே கதையிலிருந்து வெளியேற்றுவது. இறந்துவிட்டதாகவோ, வெளிநாடு சென்றுவிட்டதாகவோ காட்டப்படும். துணைப் பாத்திரங்களுக்கு இது எளிது. மையப் பாத்திரம் வெளியேறினால், கதையின் பாரத்தை வேறு ஒருவர் ஏற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாத்திரத்தைச் சில நாள் திரையில் காட்டாமல் கதையை வேறு திசைக்குத் திருப்புவது. நெடுந்தொடர்களில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிளைக்கதைகள் ஓடுவதால் இது இயலும். துறையில் இவற்றை "டிராக்" என்பர். ஒரு டிராக்கை நிறுத்தி மற்றொன்றை நீட்டிக் கிடைக்கும் அவகாசத்தில் புதிய நடிகர் தேடப்படுகிறார், அல்லது பழையவர் திரும்பி வரும்வரை சமாளிக்கப்படுகிறது.

தமிழ்த் தொடர்களில் நடிகர் மாற்றங்கள்

பாண்டியன் ஸ்டோர்ஸ்: விஜய் தொலைக்காட்சியில் 2018 முதல் 2023 வரை ஒளிபரப்பான இத்தொடர், மளிகைக்கடை நடத்தும் கூட்டுக்குடும்பம் ஒன்றின் கதை. இதில் முல்லை பாத்திரத்தில் நடித்த சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று காலமானார். கதிர், முல்லை இணை அத்தொடரின் பெரும் ஈர்ப்பாக இருந்த நேரம் அது. முல்லையைக் கதையிலிருந்து நீக்கினால் அந்தக் குடும்ப அமைப்பே குலைந்திருக்கும். எனவே பாத்திரம் காவ்யா அறிவுமணிக்குச் சென்றது. அவர் 2022இல் விலகியபின் லாவண்யா முல்லையாக நடித்தார். ஐந்தாண்டுத் தொடரில் ஒரே மருமகளுக்கு மூன்று முகங்கள் அமைந்தன. திரையில் முல்லை உயிரோடு இருக்க, அவளாக வாழ்ந்தவர் இல்லை என்ற நிலையைப் பார்வையாளர்கள் அன்றாடம் எதிர்கொண்டனர்.

பாரதி கண்ணம்மா: 2019இல் தொடங்கிய இத்தொடரில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் 2021இல் விலகினார். கணவனின் சந்தேகத்தால் வீட்டை விட்டு வெளியேறி, பையுடன் தெருத்தெருவாக நடந்துசெல்லும் கண்ணம்மாவின் காட்சி, தொடரைப் பார்க்காதவர்களிடமும் மீம்களாகப் பரவியிருந்தது. அவருக்குப் பதிலாக வினுஷா தேவி வந்தார். பாத்திரத்தின் பெயரே தொடரின் தலைப்பில் இருந்ததால், முகம் மாறினாலும் கண்ணம்மா இல்லாமல் தொடரை நடத்த இயலாது.

ராஜா ராணி 2: காவல்துறை அதிகாரியாக விரும்பும் சந்தியா என்ற பெண்ணின் கதை இது. சந்தியாவாக நடித்த ஆல்யா மானசா, மகப்பேற்றை முன்னிட்டு 2022இல் விலகினார். ரியா விஸ்வநாதனும், அவருக்குப் பின் ஆஷா கௌடாவும் அப்பாத்திரத்தை ஏற்றனர். ஆல்யா அதே ஆண்டின் இறுதியில் சன் தொலைக்காட்சியின் "இனியா" தொடரில் புதிய பாத்திரத்துடன் திரும்பினார். மகப்பேற்றுக்காக ஒதுங்கும் நடிகைக்குத் தொழில் திரும்பக் கிடைக்கலாம். பழைய பாத்திரம் காத்திருப்பதில்லை.

சித்தி 2: சன் தொலைக்காட்சியில் 2020 முதல் 2022 வரை ஒளிபரப்பான இத்தொடரிலிருந்து 2021இல் ராதிகா விலகினார். இங்கு முகமாற்றம் செய்யப்படவில்லை. தொடரின் அடையாளமே அவர் என்பதால் வேறொருவரை அவ்விடத்தில் நிறுத்துவது கடினம். ஆகவே வெண்பா, கவின் என்ற இளம் இணையைச் சுற்றிக் கதை தொடர்ந்தது. தலைப்பில் "சித்தி" இருந்தது. கதையின் மையம் அடுத்த தலைமுறைக்கு மாறிவிட்டது.

எதிர்நீச்சல்: ஆதி குணசேகரன்

திருச்செல்வம் இயக்கிய "எதிர்நீச்சல்" 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைக்கும் ஒரு வீட்டின் கதை இது. அவ்வீட்டின் மூத்தவரான ஆதிமுத்து குணசேகரனாக ஜி. மாரிமுத்து நடித்தார். "கண்ணும் கண்ணும்" (2008), "புலிவால்" (2014) ஆகிய திரைப்படங்களை இயக்கிய மாரிமுத்துவைப் பெரும்பாலான வீடுகள் அறிந்தது குணசேகரன் வழியாகத்தான். "ஏய், இந்தாம்மா" என்ற அவருடைய அழைப்பு இணையத்தில் மிகவும் பரவியது. ஆணாதிக்கத்தின் வடிவமாக எழுதப்பட்ட எதிர்நாயகன், நடிப்பவரின் நையாண்டியாலும் உடல்மொழியாலும் தொடரின் முதன்மை ஈர்ப்பாக மாறினார்.

2023 செப்டம்பர் 8 அன்று இத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அன்றே அவர் காலமானார். குணசேகரனைக் கதையில் இறக்கச் செய்வது ஒரு வழியாக இருந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் எதிர்த்து நீந்த வேண்டிய வெள்ளமே அவர்தான். அவரை நீக்கினால் தலைப்புக்கே பொருள் இருக்காது. எனவே சில வாரங்கள் குணசேகரன் திரையில் தோன்றாமலே கதை நகர்ந்தது. பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார்.

"குற்றப்பரம்பரை" நாவலின் ஆசிரியரான வேல ராமமூர்த்தி, "மதயானைக் கூட்டம்" (2013) போன்ற படங்களில் கடுமையான கிராமத்துப் பெரியவராக அறியப்பட்டவர். மாரிமுத்துவின் குணசேகரனிடம் கொடுமையும் கேலியும் கலந்திருந்தன. அவர் பேச்சைக் கேட்டுக் கோபப்படுபவர்களே சிரிக்கவும் செய்தனர். வேல ராமமூர்த்தியின் குணசேகரன் இறுக்கமானவர். சிரிப்பு குறைந்து அச்சம் கூடியது. எழுதப்பட்ட குணங்கள் அவையே என்றாலும், அவ்வீட்டில் உள்ள பெண்கள் யாருடன் போராடுகிறார்கள் என்பது மாறியது. நடிகர் மாற்றம் கதையை எவ்வாறு மாற்றும் என்பதற்குத் தமிழில் தெளிவான சான்று இது.

2024 டிசம்பரில் தொடங்கிய "எதிர்நீச்சல் தொடர்கிறது" தொடரில் வேல ராமமூர்த்தியே குணசேகரனாகத் தொடர்ந்தார். முதல் தொடரில் ஜனனியாக நடித்த மதுமிதாவுக்குப் பதிலாகப் பார்வதி நடித்தார்.

அறிவியல் புனைவுத் தொடர்களில்

குடும்பத் தொடர் அன்றாட வாழ்க்கையைக் காட்டுவதால், ஒருவரின் முகம் ஏன் மாறியது என்பதற்குக் கதைக்குள் காரணம் சொல்ல வழியில்லை. வேற்றுக்கோள்களையும் காலப்பயணத்தையும் காட்டும் அறிவியல் புனைவுக்கு அந்த வழி உண்டு.

இதில் முதன்மையான எடுத்துக்காட்டு, பிரித்தானிய பி.பி.சி. நிறுவனத்தின் "டாக்டர் ஹூ". 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய இத்தொடரில், காலத்திலும் வெளியிலும் பயணிக்கும் டாக்டராக வில்லியம் ஹார்ட்னெல் நடித்தார். உடல்நலம் குன்றியதால் 1966இல் அவர் விலக நேர்ந்தது. தொடரை நிறுத்தவும் மனமில்லை. டாக்டர் மனிதர் அல்லர் என்பதால், உடல் தளரும்போது அவர் வேறு உருவம் பெறுவார் என்று தயாரிப்பாளர்கள் கதை அமைத்தனர். 1966 அக்டோபரில் ஒளிபரப்பான காட்சியில் ஹார்ட்னெல் தரையில் சாய்கிறார். அவர் முகம் மறைந்து பேட்ரிக் டிரௌட்டனின் முகம் தோன்றுகிறது. இதற்கு "மறுபிறப்பாக்கம்" என்னும் பொருள் தரும் பெயர் 1974இல்தான் தொடரில் முதன்முறையாக வழங்கப்பட்டது.

இவ்வேற்பாட்டின் பலன், புதியவர் பழையவரைப் போல நடிக்கத் தேவையில்லை என்பது. ஹார்ட்னெலின் டாக்டர் சிடுசிடுப்பான முதியவர். டிரௌட்டனின் டாக்டர் கோமாளித்தனமும் குறும்பும் உள்ளவர். நினைவுகள் ஒன்றே, சுபாவம் வேறு. இந்த விதியால் இத்தொடர் 1989 வரை ஓடி, 2005இல் மீண்டும் தொடங்கி, 2017இல் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்ணையும் டாக்டராக்க முடிந்தது.

டாக்டருடன் பயணிக்கும் தோழர்களுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. அவர்களாக நடித்தவர்கள் விலகியபோது பாத்திரங்களும் விடைபெற்றன. 1963இல் தொடங்கிய நால்வரில் டாக்டரைத் தவிர மற்ற மூவரும் 1965ஆம் ஆண்டுக்குள் விலகிவிட்டனர். ஹார்ட்னெலும் சென்றபின், தொடக்கத்திலிருந்து மாறாமல் எஞ்சியது அவர்கள் பயணித்த காவல் பெட்டி வடிவக் கலம் மட்டுமே.

"ஸ்டார் டிரெக்" வரிசைத் தொடர்களில் வேறு வழிகள் கையாளப்பட்டன. 1988இல் டெனிஸ் கிராஸ்பி விலகியபோது அவர் நடித்த பாதுகாப்பு அதிகாரி டாஷா யார் திடீரெனக் கொல்லப்பட்டார். அப்பொறுப்பு வோர்ஃப் என்ற துணைப் பாத்திரத்துக்குச் சென்றது. ஓரமாக நின்ற வோர்ஃப் அதன்பின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவராக வளர்ந்தார். 1998இல் "டீப் ஸ்பேஸ் நைன்" தொடரிலிருந்து டெர்ரி ஃபேரல் விலகினார். அவர் நடித்த ஜாட்சியாவின் உடலுக்குள் டாக்ஸ் என்ற நெடுநாள் வாழும் உயிரினம் குடியிருந்தது. ஜாட்சியா இறந்தபின் டாக்ஸ் வேறொரு பெண்ணின் உடலுக்கு மாற்றப்பட்டது. அப்பெண்ணாக நிக்கோல் டி போயர் நடித்தார். இறந்துபோன மனைவியின் நினைவுகளைச் சுமக்கும் புதிய பெண்ணை ஜாட்சியாவின் கணவர் எவ்வாறு எதிர்கொள்வார் என்பது அந்த ஆண்டின் கதைகளுள் ஒன்றாயிற்று. தமிழ்த் தொடரின் பார்வையாளர் மனத்தில் எழும் அதே தயக்கத்தை, அங்கு ஒரு பாத்திரமே வெளிப்படுத்தியது.

"பாபிலோன் 5" தொடரை உருவாக்கிய ஜெ. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி, எந்த நடிகர் விலகினாலும் கதை தடைபடாதிருக்க ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு வெளியேறும் வழியை முன்கூட்டியே வகுத்திருந்தார். முதல் பருவத்தின் நாயகனாக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் அப்பருவத்துடன் விலக, அவ்விடத்துக்கு வேறொரு தளபதியாக புரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்தார். ஓ'ஹேர் கடுமையான மனநோயால் துன்புற்றார் என்பதை, அவர் 2012இல் இறந்த பின்னரே ஸ்டிராசின்ஸ்கி வெளியிட்டார். சிகிச்சைக்காகப் படப்பிடிப்பை நிறுத்த ஸ்டிராசின்ஸ்கி முன்வந்தபோது, உடன் பணிபுரிவோரின் வேலை போய்விடும் என்று ஓ'ஹேர் மறுத்துப் பருவத்தை முடித்துக் கொடுத்தார். பின்னர் 1996இல் திரும்பி வந்து தம் பாத்திரத்தின் கதையை நிறைவு செய்தார்.

அறிவியல் புனைவாக இருந்தால் மட்டும் இவ்வழி கிடைத்துவிடாது. தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை ஒளிபரப்பான "சக்திமான்" அதீத ஆற்றல் கொண்ட நாயகனின் கதை. அதில் செய்தியாளர் கீதா விஸ்வாஸாக முதலில் கிட்டு கித்வானியும் பின்னர் வைஷ்ணவி மஹந்தும் நடித்தனர். கீதா சாதாரண மனிதப் பாத்திரம். ஆகவே இங்கும் குடும்பத் தொடரைப் போல முகம் மட்டுமே மாறியது.

பார்வையாளர்களின் ஏற்பு

ஒரு பாத்திரத்தைப் பலர் ஏற்பது தமிழ்ப் பார்வையாளருக்குப் புதியதன்று. தெருக்கூத்தில் இன்று ஒருவர் திரௌபதி வேடம் கட்டினால் நாளை வேறொருவர் கட்டலாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடக சபைகளில் வேடங்கள் "ராஜபார்ட்", "ஸ்திரீபார்ட்" என வகைப்படுத்தப்பட்டன. பாலர் சபைகளில் ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவனுக்கு மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்தால், பாடம் தெரிந்த அடுத்த சிறுவன் அவ்வேடத்தை ஏற்பான். வேடம் சபைக்கு உரியது. நடிகர் அதைச் சில காலம் சுமப்பவர்.

ஆனால் திரௌபதி, கூத்துக்கு முன்பே பார்ப்பவரின் மனத்தில் இருப்பவள். முல்லையும் குணசேகரனும் அப்படியல்லர். முதலில் நடித்தவரின் முகத்தோடும் நடையோடும் அவர்கள் பிறந்தனர். இதனால்தான் புதியவரின் முதல் வாரங்களில் ஒப்பீடு மிகுதியாக இருக்கிறது. நாள்தோறும் பார்க்கும் பழக்கம் அந்த ஒப்பீட்டை மெல்லத் தணிக்கிறது. உடன் நடிக்கும் மற்றவர்கள் மாறாதிருப்பதும் இதற்கு உதவுகிறது. அத்தை, கொழுந்தன், கணவன் எல்லாரும் புதியவரைப் பழைய பெயரால் அழைக்கும்போது, அவர்களுடைய நம்பிக்கை பார்வையாளரிடமும் ஒட்டிக்கொள்கிறது.

குரலும் ஒரு காரணி. தமிழ்த் தொடர்களில் பல நடிகைகளுக்குப் பின்னணிக் கலைஞர்களே குரல் கொடுக்கின்றனர். அவ்விடங்களில் நடிகை மாறினாலும் அதே குரலைத் தொடர முடியும். சமையலறையிலிருந்து காதால் மட்டும் தொடரைப் பின்பற்றுபவருக்கு மாற்றம் தெரியாமலும் போகலாம். மாரிமுத்து தம் பாத்திரத்துக்குத் தாமே குரல் கொடுத்தவர் என்பதால், அவர் மறைவோடு முகமும் குரலும் சேர்ந்தே மறைந்தன.

நடிகர்களின் நிலை

நடிகர் மாற்றம் எளிதாக இருப்பது தயாரிப்புக்குப் பாதுகாப்பு. தொடரை நம்பியிருக்கும் ஒளிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர், உதவி இயக்குநர், லைட்மேன் ஆகியோரின் அன்றாட வருமானம் தடைபடுவதில்லை. ஓ'ஹேர் நோயோடு நடித்துப் பருவத்தை முடித்ததும் இந்தக் கவலையால்தான்.

அதே எளிமை நடிகருக்குப் பாதுகாப்பின்மையாகிறது. தம் இடத்தை ஒரே நாளில் வேறொருவர் நிரப்பலாம் என்று தெரிந்தவர் விடுப்புக் கேட்கத் தயங்குவார். புதிதாக வருபவரின் நிலையும் கடினமானது. பழையவரைப் போல நடித்தால் நகல் என்பர். வேறு விதமாக நடித்தால் பாத்திரம் கெட்டுவிட்டது என்பர். டிரௌட்டனுக்குக் கதையே கொடுத்த சுதந்திரம் அவருக்கு இல்லை. வேல ராமமூர்த்தி நகல் எடுக்காமல் தம் இயல்பில் நடித்தார். அதற்கேற்பக் குணசேகரனின் சுபாவமும் மாறியது. கதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அந்த வீட்டின் மூத்தவர் அதன்பின் வேறொரு மனிதராகவே இருந்தார்.